மேடைக்குப் போகாத சீட்டு

மக்கா, இதை உட்கார்ந்து வாசி. ஓடிவிட்டு வந்த மூச்சோடு உறையைக் கிழித்திருந்தால் கடிதத்தை மேசைமேல் வைத்துவிட்டு, தண்ணீர் குடித்து, வேர்வை அடங்கிய பிறகு எடு. போனில் சொல்லியிருக்கலாமே என்று நினைப்பாய். இந்த மூன்று வாரத்தில் அதற்காகவே நான்கு தடவை உன்னைக் கூப்பிட்டேன். நான்கு தடவையும் சாப்பிட்டாயா, சென்னையில் மழை உண்டா என்று கேட்டுவிட்டு வைத்துவிட்டேன். வாய் திறக்க வேண்டிய இடத்தில் நான் எப்போதும் இப்படித்தான். பஸ்ஸில் இறங்க வேண்டிய நிறுத்தம் தாண்டிப் போனால்கூடக் கண்டக்டரைக் கூப்பிட மாட்டேன். அடுத்த நிறுத்தத்தில் இறங்கி, சின்னப் பிள்ளையான உன்னை வெயிலில் நடத்திக் கூட்டிவருவேன். "ஏம்மா, ஒரு வார்த்த சொன்னா நிறுத்துவாருல்லா" என்று நீ அழுதது நினைவிருக்கிறது. அந்த ஒரு வார்த்தை எனக்கு வராது. எழுத வரும். நூலகத்தில் மதியம் ஆள் வராத நேரத்தில், வருகைப் பதிவேட்டுக்கு அடியில் தாளை வைத்து எழுதுகிறேன்.

மூன்று வாரம் முன்பு ஞாயிற்றுக்கிழமை உன் கல்யாணப் பத்திரிகை விஷயமாக நீ கூப்பிட்டாய். தாய்மாமன் பெயரை எந்த வரியில் போடுவது, பெயருக்கு முன்னால் தெய்வத்திரு என்று போட வேண்டுமா என்று கேட்டாய். போட வேண்டும் என்றேன். "மாமா எப்படிம்மா எறந்தாங்க? சுபா கேட்டா, எனக்குச் சரியாச் சொல்லத் தெரியல" என்றாய். வாலிபால் விளையாடும்போது தவறி விழுந்து கல்லில் தலை அடித்துவிட்டது என்று, உனக்கு ஐந்து வயதில் சொன்னதையே திரும்பவும் சொன்னேன். நீ சிரித்துக்கொண்டு, "நானும் முந்தாநேத்து அப்படி விழப் பாத்தேன்மா. ஓடிட்டே இருக்கேன், கண்ணு ரெண்டும் இருட்டிட்டு. கம்பியப் பிடிச்சு நின்னுட்டேன். சாப்பிடாமப் போனது, வேற ஒண்ணுமில்ல" என்றாய். தண்ணீர் குடித்தாயா என்று மட்டும் கேட்டேன். போனை வைத்த பிறகு அடுக்களைத் தரையில் உட்கார்ந்துவிட்டேன். உன் மாமா கல்லில் விழவில்லை, மக்கா. அந்த மைதானத்தில் கல்லே கிடையாது. தரையில் விழும் முன்பே அவன் உயிர் போய்விட்டது. கண் இருட்டுகிறது என்று அவனும் சொல்லியிருந்தான். அவன் சொன்னது என் கைக்கு வந்தது. நான் அதை மடித்து ஒளித்துவைத்தேன். இந்தக் கடிதம் அதைப் பற்றியது.

எங்கள் வீட்டில் முதலில் பட்டம் வாங்கியது நான். சுசீந்திரத்துக்குப் பக்கத்தில் வயலை நம்பியிருந்த குடும்பம். அப்பாவுக்குக் கையெழுத்துப் போட மட்டும் தெரியும். அண்ணன் பத்தாம் வகுப்போடு நின்று அப்பாவுடன் வயலுக்குப் போனான், நான் மேலே படிக்க வேண்டும் என்பதற்காக. படித்தவர்கள் முன்னால் எங்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. அவர்கள் கேட்டால் பதில் சொல்வோம். நாங்களாக எதுவும் கேட்க மாட்டோம். ஆஸ்பத்திரியிலும் தாலுகா ஆபீஸிலும் அப்பா அப்படித்தான் நிற்பார், துண்டைக் கையில் பிடித்துக்கொண்டு. நாகர்கோவிலில் கல்லூரிக்குப் போன மூன்று வருடத்திலும் நான் வகுப்பில் ஒரு கேள்வி கேட்டதில்லை. பேசாதவர்கள் நிறையப் பார்ப்பார்கள். யார் பேனா எப்படி எழுதும், யார் செருப்பு எந்தப் பக்கம் தேய்ந்திருக்கிறது, எந்த ஆசிரியை எப்போது மனமில்லாமல் சிரிக்கிறார் என்பதெல்லாம் எனக்குத் தெரியும். அதை ஒரு கெட்டிக்காரத்தனம் என்றுகூட நினைத்திருந்தேன்.

மூன்றாம் வருடம், பல்கலைக்கழகம் பொதுமக்களுக்காக நடத்தும் அறக்கட்டளைச் சொற்பொழிவுகள் எங்கள் கல்லூரி மண்டபத்தில் நடந்தன. மூன்று சாயங்காலம். முதல் நாள் சட்டம், இரண்டாம் நாள் இலக்கியம், மூன்றாம் நாள் மருத்துவத்தில் புதிதாக வந்திருப்பவை. யாரும் வரலாம். ஓய்வுபெற்ற வாத்தியார்கள், வக்கீல் குமாஸ்தாக்கள், பஸ்ஸுக்கு நேரம் இருக்கிறதே என்று மின்விசிறிக்குக் கீழே உட்கார வந்தவர்கள், வருகைப்பதிவுக்குப் பயந்து பின்னால் நிறைந்திருந்த எங்கள் மாணவர் கூட்டம். கேள்வி கேட்பவர்கள் எழுந்து பேசக் கூடாது. துண்டுச்சீட்டில் எழுதித் தர வேண்டும். எழுந்து பேசவிட்டால் ஆளாளுக்கு ஒரு சொற்பொழிவு நடத்திவிடுவார்கள் என்பது எங்கள் துறைத்தலைவி அம்மாவின் அனுபவம். சீட்டு வாங்கும் வேலைக்கு என்னைத்தான் பிடித்தார். "நீதான் வாயே தொறக்காத பிள்ள. நீ போனா ஒருத்தனும் பேச்சுக் குடுக்க மாட்டான்" என்றார். தட்டோடு வரிசை வரிசையாகப் போய் வாங்கி, மேடையின் பக்கத்துப் படியில் உட்கார்ந்து பிரித்து, தேவையானதை மட்டும் மேலே கொடுக்க வேண்டும். மூன்றாம் நாளுக்குத் தனியாக ஒரு கட்டளை போட்டார். "டாக்டர் வந்தா அவனவன் மூலத்தையும் முட்டுவலியையும் எழுதுவான். சொந்த வியாதியெல்லாம் மேடைக்கு வரப்பிடாது. பொதுவான கேள்வி மட்டும் குடு, கேட்டியா?"

முதல் நாள் வந்த வக்கீல் நம் ஊர்ப் பழைய சட்டத்தைப் பற்றிப் பேசினார். நாஞ்சில் நாட்டில் முன்பு மருமக்கள்வழி இருந்தது உனக்குத் தெரியும். ஒருவன் சொத்து அவன் பிள்ளைகளுக்குப் போகாது. சகோதரியின் மகனுக்குப் போகும். மாமனிடமிருந்து மருமகனுக்கு, அவனிடமிருந்து அவன் மருமகனுக்கு. நடுவில் இருக்கும் பெண் வழியாகத்தான் எல்லாம் போகும். பெற்ற தகப்பனை விட்டுவிட்டு மாமன் வீட்டு வாசலையே பார்த்துக்கொண்டிருந்த பிள்ளைகளின் கதைகளைச் சொல்லி மண்டபத்தைச் சிரிக்கவைத்தார்; பிறகு அந்த முறையை எப்படிச் சட்டம் போட்டு ஒழித்தார்கள் என்று சொன்னார். இரண்டாம் நாள் வந்த தமிழ்ப் பேராசிரியை ஒப்பாரியைப் பற்றிப் பேசினார். நம் பெண்கள் மற்ற நாளில் சொல்ல முடியாததையெல்லாம் சாவு வீட்டில் பாட்டாகச் சொல்லிவிடுவார்கள், சுற்றி நிற்கும் ஆண்கள் அதை அழுகை என்று நினைத்து என்ன சொல்கிறாள் என்று கேட்காமல் விடுவார்கள் என்றார். படியில் உட்கார்ந்து இரண்டையும் கேட்டேன். இரண்டும் என் வீட்டைப் பற்றிய பேச்சு என்று அப்போது எனக்குத் தோன்றவில்லை.

மூன்றாம் நாள் ஒரு இதய மருத்துவர் திருவனந்தபுரத்திலிருந்து வந்திருந்தார். உடம்பைக் கீறாமல், ஒலியை உள்ளே அனுப்பி, இதயம் அடிப்பதைத் திரையில் பார்க்கும் எக்கோ கருவியைப் பற்றி விளக்கினார். சிலருக்கு இதயத்தின் தசை பிறவிக் கோளாறால் தடித்துக்கொண்டே வரும், வெளியே பார்த்தால் ஆள் கல்லு மாதிரி இருப்பான், ஓடும்போதோ பாரம் தூக்கும்போதோ கண் இருட்டும், நெஞ்சு படபடக்கும், சிலர் அப்படியே விழுந்து இறந்தும் போவார்கள் என்றார். "உங்க வீட்டில வாலிப வயசுல யாராவது காரணம் தெரியாம விழுந்து செத்திருந்தா, அந்த வீட்டில பிறந்த மத்தவங்க எல்லாரும் ஒரு தடவை இதை எடுத்துப் பாருங்க. மாடன் அடிச்சதுன்னு விட்டுடாதீங்க" என்றார். மண்டபம் சிரித்தது. என் அம்மாவின் தம்பி முப்பது வயதில் களத்தில் நெற்கட்டை இறக்கிவைத்த இடத்திலேயே குப்புற விழுந்து இறந்தவர். சுடலைமாடன் அடித்துவிட்டான் என்றுதான் எங்களுக்குச் சொல்லியிருந்தார்கள். கோவில் கொடை விழா வரும்போதெல்லாம் அவர் பெயரைச் சொல்லி ஒரு சேவல் கூடுதலாகக் கொடுத்துவந்தோம்.

பேச்சு முடியும் நேரத்தில் அண்ணன் வந்தான். மூன்று நாளும் என்னைச் சைக்கிளில் கூட்டிப்போக வந்தவன் அவன்தான். வயலிலிருந்து வந்து குளித்து, தங்கச்சியின் கல்லூரிக்குப் போகிறோம் என்பதற்காகத் தேய்த்த சட்டை போட்டு, கடைசி வரிசையின் நுனியில் உட்கார்வான். அதனால் மருத்துவர் சொன்ன எதையும் அவன் கேட்கவில்லை. நான் தட்டோடு அந்த வரிசைக்குப் போனபோது என்னைத் தெரியாதவனைப் போல மேலே பார்த்துக்கொண்டிருந்தான். படிக்குத் திரும்பி வந்து சீட்டுகளைப் பிரித்தேன். மூலம், முட்டுவலி, சர்க்கரை. அவற்றுக்கிடையில் உரக்கடைத் தாள் ஒன்றின் பின்பக்கத்தில் எனக்குத் தெரிந்த பெரிய பெரிய எழுத்து. "ஐயா, ஓடினால் கண் இருட்டி நெஞ்சு படபட என்று அடிக்கிறது. வயது 25. பார்க்கக் கெட்டி உடம்பு. இது எதனால்? பயப்பட வேண்டுமா?" பெயர் எழுதவில்லை.

மருத்துவர் சொன்னதைக் கேட்டவளும் நான். அந்தச் சீட்டு யாருடையது என்று தெரிந்தவளும் நான். அந்த மண்டபத்தில் இரண்டும் தெரிந்தவர் வேறு யாரும் இல்லை. இரண்டாம் வரிசையில் உன் பெரிய அத்தை உட்கார்ந்திருந்தார். அப்போது அந்தக் கல்லூரியில் வேதியியல் ஆசிரியை. தன் தம்பிக்கு என்னைக் கேட்டு ஒரு மாதம் ஆகியிருந்தது. இரண்டு வாரத்தில் பூ வைக்க வருவதாகப் பேச்சு. சீட்டை மேலே கொடுத்தால் மருத்துவர் இதை எழுதியவர் யார், எழுந்து நில்லுங்கள் என்று சொல்வார் என நினைத்தேன். அண்ணன் எழுந்து நிற்பான். வீட்டில் யாராவது இப்படி இறந்திருக்கிறார்களா என்று கேட்பார். களத்தில் விழுந்த மாமாவின் கதை அத்தையின் காதில் விழும். பூ வராது. சொந்த வியாதி மேடைக்கு வரக்கூடாது என்ற கட்டளை எனக்கு வசதியாக இருந்தது. சேராத மற்றச் சீட்டுகளைத் தட்டிலேயே விட்டுவிட்டேன். இதை மட்டும் நான்காக மடித்து இடுப்பில் சொருகிக்கொண்டேன். ஒளிக்கிறோம் என்பது தெரிந்துதான் செய்தேன் என்பதற்கு அந்த ஒரு செய்கை போதும்.

திரும்பும் வழியில் சைக்கிளின் பின்னால் நான் உட்கார்ந்திருந்தேன். அண்ணன் கேட்டான்:

"ஏட்டி, வந்த சீட்டையெல்லாம் அவரு படிச்சாரா?"

"படிச்சாரு."

"எல்லாத்தையுமா?"

"ஏண்ணே, நீ எழுதிக் குடுத்தியா?"

"நானா? எனக்கு வேற சோலி இல்லியா. பக்கத்தில இருந்த ஆளு எழுதினாரு. அவருக்குப் பதிலு வரல்ல. பாவம், கடைசி வரைக்கும் காத்துட்டே இருந்தாரு."

"பொதுவான கேள்விதாண்ணே படிப்பாங்க."

"அப்பிடியா. செரி, அப்ப அது பெருசா ஒண்ணும் இருக்காது. பெருசா இருந்தா கூப்பிட்டுச் சொல்லியிருப்பாருல்லா" என்றான். குளத்தங்கரை மேட்டில் சைக்கிளை விட்டு இறங்கி உருட்டிக்கொண்டு நடந்தான். முன்பெல்லாம் என்னை வைத்துக்கொண்டே அந்த மேட்டை மிதித்து ஏறுவான். அதையும் நான் பார்த்தேன். பார்த்துக்கொண்டு கூடவே நடந்தேன். பதில் வராததையே அவன் பதிலாக எடுத்துக்கொண்டான் என்பது அந்த மேட்டிலேயே எனக்குப் புரிந்துவிட்டது.

கல்யாணம் முடியட்டும், பிறகு சொல்லிக்கொள்ளலாம் என்று நினைத்தேன். கல்யாணம் முடிந்தது. மறுவீட்டுக்குப் போனபோது ஒரு தடவை, "அண்ணே, டாக்டரப் போய்ப் பாரேன்" என்றேன். "எனக்கென்ன கேடு? ஒம் மாப்பிளைய ஒழுங்காக் கவனி" என்று சிரித்தான். எதற்காகப் பார்க்க வேண்டும் என்று நான் சொல்லவில்லை. சொன்னால் சீட்டைப் பற்றிச் சொல்ல வேண்டிவரும். நாள் தள்ளிப்போகப் போக அது இன்னும் கனமாகிவிட்டது. உன்னை ஐந்து மாதம் சுமந்துகொண்டிருந்தபோது ஒரு சாயங்காலம் வாலிபால் மைதானத்தில் பந்தை அடிக்க எழும்பியவன், இறங்கும்போது காலில் நிற்கவில்லை.

என் அம்மா அவன் தலைமாட்டில் உட்கார்ந்து ஒரே வரியைத் திரும்பத் திரும்பப் பாடினாள். "மாமன் போன வழி தேடி என் மகனே நீயும் போனியே." எழுதப் படிக்கத் தெரியாத அம்மா, திருவனந்தபுரத்து மருத்துவர் சொன்னதை நடுவீட்டில் உட்கார்ந்து சொல்லிக்கொண்டிருந்தாள். ஒருவரும் கேட்கவில்லை. "யாராவது அந்த அம்மாவப் பிடிச்சு உள்ள கூட்டிட்டுப் போங்க" என்றார்கள். வாசலில் ஆண்கள் கூடி முடிவு செய்தார்கள்: "ரெண்டாவதும் மாடன் அடிச்சான்னு வெளிய போச்சுன்னா இந்தக் குடும்பத்தில எவன் பொண்ணெடுப்பான்? கல்லுல அடிபட்டுன்னு சொல்லுங்க." அந்தக் கல் அன்றைக்குப் பிறந்தது. நானும் அதையே பிடித்துக்கொண்டேன், உனக்கும் கொடுத்தேன்.

நீ பிறந்த பிறகு என் பயம் வேறு விதமாக வேலை செய்தது. உன்னை மருத்துவரிடம் கூட்டிப்போகவில்லை. கூட்டிப்போனால் குடும்பத்தில் யாருக்காவது உண்டா என்று கேட்பார்கள்; உன் அப்பா பக்கத்தில் நிற்பார். அதற்குப் பதிலாக உன்னை ஓடவிடாமல் பார்த்துக்கொண்டேன். ஏழாம் வகுப்பில் பள்ளி விளையாட்டு விழாவுக்கு உன்னைத் தேர்ந்தெடுத்திருந்தார்கள். உனக்குத் தெரியாமல் உடற்கல்வி ஆசிரியருக்கு உனக்கு மூச்சிழுப்பு இருப்பதாகக் கடிதம் எழுதிக் கொடுத்துவிட்டேன். மற்றவர்கள் ஓடும்போது நீ தண்ணீர்க் குடத்துக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாய். வீட்டுக்கு வந்து, "எனக்கு எங்கம்மா இழுப்பு இருக்கு? எதுக்குப் பொய் எழுதின?" என்று கேட்டாய். நான் தோசை திருப்பிக்கொண்டிருந்தேன். நீ மூன்று நாள் என்னிடம் பேசவில்லை. வேலைக்குப் போன முதல் மாதத்தில் நீ வாங்கியது ஓடுவதற்கான ஷூ என்று தெரிந்தபோது எனக்குப் புரிந்தது. காரணம் சொல்லித் தடுத்திருந்தால் நீ யோசித்திருப்பாய். காரணத்தை மறைத்துத் தடுத்ததால் உன்னை நானே ஓடவைத்தேன்.

இந்த வருடச் சொற்பொழிவுகள் உன் போன் வந்த அடுத்த வாரம் நடந்தன. அதே மண்டபம்தான்; இப்போது தரையில் ஓடு பதித்து, குளிர்சாதனம் வைத்திருக்கிறார்கள். முதல் நாள் சட்டத்துக்குப் போனேன். ஒருவருடைய நோயைப் பற்றிய விவரம் முதலில் அவருக்குத்தான் சொந்தம் என்று அந்த வக்கீல் அம்மா சொன்னதை மட்டும் குறித்துக்கொண்டு வந்தேன். இரண்டாம் நாள் நூலகத்தில் புத்தகச் சரிபார்ப்பு இருந்ததால் போக முடியவில்லை. மூன்றாம் நாள் பேசியது ஒரு பெண் இதய மருத்துவர். இப்போது சீட்டு இல்லை. கம்பியில்லாத மைக்கோடு ஒரு மாணவி வரிசைகளுக்கிடையில் நடக்கிறாள். என் பக்கத்தில் வந்து, "ஆண்ட்டி, கேக்கணுமா?" என்றாள். இல்லை என்று தலையசைத்தேன். நான்கு வரிசை தாண்டிப் போய்விட்டாள். அவளுடைய முதுகைப் பார்த்துக்கொண்டிருந்தபோது, தட்டோடு நடந்த என்னுடைய முதுகை அண்ணன் இப்படித்தான் பார்த்திருப்பான் என்று தோன்றியது. "பிள்ள, இஞ்ச வா" என்று கூப்பிட்டேன். மண்டபமே திரும்பிப் பார்க்கும் அளவுக்குச் சத்தமாகக் கூப்பிட்டிருக்கிறேன்.

என்ன கேட்டேன் என்பது முழுதாக நினைவில் இல்லை. என் அம்மாவின் தம்பி, என் அண்ணன், இப்போது என் மகனுக்குக் கண் இருட்டுகிறது என்று மூன்று பேரையும் வரிசையாகச் சொன்னேன். சொல்லும்போதே இருபத்தாறு வருடம் முன்பு அந்த வக்கீல் சொன்ன மருமக்கள்வழி ஞாபகம் வந்தது. மாமனிடமிருந்து மருமகனுக்கு, அவனிடமிருந்து அவன் மருமகனுக்கு. நிலத்துக்கு அந்தச் சட்டம் போய்விட்டது. மருத்துவர் எழுந்து மேடையின் ஓரத்துக்கு வந்து, "உங்க மகனுக்கு என்ன வயசு?" என்றார். இருபத்துநான்கு என்றேன். "இன்னிக்கே போன் பண்ணி ஓடக் கூடாதுன்னு சொல்லுங்க. எக்கோ எடுக்கணும். அதுக்கு முன்னாடி உங்களுக்கு எடுக்கணும்மா. இது ஆம்பளைங்களுக்கு மட்டும் வர்றது இல்ல. நடுவில நீங்க இருக்கீங்க பாருங்க" என்றார். நடுவில் நான் இருக்கிறேன் என்பதை அதுவரை நான் யோசித்ததே இல்லை. போன் பண்ணினேன், அதுவும் அந்த நான்கில் ஒன்றுதான். சாப்பிட்டாயா என்று கேட்டேன்.

வெளியே தேநீர் கொடுக்கும் இடத்தில் உன் பெரிய அத்தை நின்றிருந்தார். ஓய்வுபெற்ற பிறகும் ஒரு சொற்பொழிவைக்கூட விடுவதில்லை. எல்லாவற்றையும் கேட்டிருந்தார். நான் தலையைக் குனிந்துகொண்டு சீட்டு விஷயத்தையும் அவரிடம் சொன்னேன். "அன்னைக்கு நீ ஒரு சீட்ட மடிச்சு இடுப்பில சொருகினத நான் பாத்தேன்" என்றார். "எவனோ ஒரு பய எழுதின காதல் கடுதாசின்னு நெனச்சேன். சத்தம் காட்டாம அடக்கிட்டாளே, குடும்பத்துக்கு ஏத்த பிள்ளைன்னு வீட்டில போய்ச் சொன்னேன். எங்க அம்மைக்கு ஒன்ன அவ்வளவா இஷ்டமில்ல. நான்தான் பிடிவாதமா நின்னு முடிச்சேன்." அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "கேட்டிருந்தா நானே ஒங்கண்ணன அந்த டாக்டர்ட்ட கூட்டிட்டுப் போயிருப்பேன். ஒருவேள ஒன்ன வேண்டாம்னும் சொல்லியிருப்பேன். எனக்குத் தெரியல." அத்தை எப்போதும் உண்மையைத்தான் பேசுவார். அந்த இரண்டாவது வாக்கியத்தையும் அவர் சொன்னதால்தான் முதல் வாக்கியத்தை நான் நம்பினேன்.

மறுநாள் அத்தையோடு போய் எக்கோ எடுத்தேன். இடப்பக்கம் சாய்ந்து படுக்கவைத்து, பசையைத் தடவி, அரைமணி நேரம் பார்த்தார்கள். திரையில் என் இதயம் மீன் வாய் திறந்து மூடுவதைப் போல இருந்தது. என் இதயத்தின் நடுச்சுவர் தடித்திருக்கிறது, மக்கா. அதிகமில்லை, மாத்திரை கொடுத்திருக்கிறார்கள், பாரம் தூக்கக் கூடாது என்றார்கள். உனக்கு வந்திருக்குமா என்று கேட்டேன். பூவா தலையா போட்டுப் பார்ப்பது போலத்தான், பாதிக்குப் பாதி என்றார் மருத்துவர். வந்திருந்தாலும் தெரிந்துகொண்டவர்கள் வேலை பார்த்து, கல்யாணம் செய்து, பிள்ளை வளர்த்து வாழ்கிறார்கள், மாத்திரை இருக்கிறது, தேவைப்பட்டால் தோலுக்கடியில் ஒரு சின்னக் கருவி வைப்பார்கள், இதயம் தாளம் தவறும்போது அது உதைத்துச் சரிசெய்யும் என்றார். இதையெல்லாம் உன்னைத் தேற்றுவதற்காகச் சொல்லவில்லை. அவர் சொன்னதை ஒன்று விடாமல் உன்னிடம் சேர்ப்பது என் வேலை. ஒரு தடவை அந்த வேலையில் தவறிவிட்டேன்.

உன் அப்பாவிடம் போன வாரம்தான் எல்லாம் சொன்னேன். "கல்யாணம் முடியட்டும். பொறவு பாப்போம். இப்பப் போயி எதையாவது கெளப்பாத" என்றார். அவர்மேல் கோபப்படாதே. அவருக்குத் தெரிந்து ஒரு வாரம்தான் ஆகிறது. இருபத்தாறு வருடமாகத் தெரிந்த நானும் அதே வார்த்தையைத்தான் எனக்குச் சொல்லிக்கொண்டிருந்தேன். கல்யாணம் முடியட்டும் என்று சொல்லி நான் எதைப் புதைத்தேன் என்று உனக்கு இப்போது தெரியும். பத்திரிகை இன்னும் அச்சுக்குப் போகவில்லை. நான்தான் அச்சகத்தில் நிறுத்தச் சொன்னேன். நல்ல தாள் வரவில்லை என்று உன் அப்பாவிடம் பொய் சொல்லியிருக்கிறேன். அதுவே கடைசியாக இருக்கட்டும்.

நான் உன்னிடம் கேட்பது இவ்வளவுதான். ஞாயிற்றுக்கிழமை ஓட்டத்துக்குப் போகாதே; அந்த ஷூவைக் கட்டிலுக்கடியில் தள்ளிவை. இந்த வாரமே எக்கோ எடு. முடிவு எப்படி வந்தாலும், பத்திரிகை அடிப்பதற்கு முன்னால் சுபாவிடம் சொல். நான் அவள் அம்மாவிடம் சொல்லலாமா என்று பலமுறை யோசித்தேன். அது உன்னுடைய உடம்பு, உன்னுடைய வாய். நீதான் சொல்ல வேண்டும். பெரியவர்களை அனுப்பாதே. கல் கதையை அவளிடம் ஏற்கனவே சொல்லியிருந்தால், அது உன் அம்மா சொன்ன பொய் என்றும் சேர்த்துச் சொல். அவள் பயந்து விலகலாம். அப்படி நடந்தால் நீ உடைந்துபோவாய் என்பது தெரிந்துதான் கேட்கிறேன். மறைத்துக் கிடைத்த வீட்டில் நான் இத்தனை வருடம் இருந்திருக்கிறேன். உன் அப்பா நல்ல மனிதர். ஒரு நாளும் என்னைக் கடிந்ததில்லை. ஆனாலும் அவர் என்னைப் பார்த்துச் சிரிக்கும்போதெல்லாம், இது யாருக்கான சிரிப்பு, தெரிந்திருந்தால் சிரிப்பாரா என்று எனக்குள் ஒருத்தி கேட்டுக்கொண்டே இருந்தாள். நீ அப்படி வாழ வேண்டாம்.

சொற்பொழிவு மலரில் போட எதையாவது எழுதித் தரும்படி கல்லூரியில் கேட்டிருக்கிறார்கள், அன்றைக்கு மைக்கில் பேசியதைக் கேட்டுவிட்டு. இந்தக் கடிதத்தைத் தவிர என்னிடம் எழுத ஒன்றுமில்லை. நீ வாசித்து, சம்மதம் என்று சொன்னால் மட்டும் கொடுப்பேன். நம் பக்கத்தில் இன்னும் எத்தனை வீடுகளில் மாடன் அடித்த மாமன்களும் கல்லில் விழுந்த அண்ணன்களும் இருக்கிறார்களோ தெரியாது. வேண்டாம் என்று நீ சொன்னால் இது நம் இரண்டு பேரோடு இருக்கட்டும்.

உறைக்குள் இன்னொரு தாள் இருக்கும், கவனமாக எடு, மடிப்பில் கிழிந்துவிடும். மாமாவின் சீட்டு. இத்தனை வருடமும் என் பட்டச் சான்றிதழ் இருக்கும் உறைக்குள் வைத்திருந்தேன். வேலைக்காக அந்தச் சான்றிதழை ஒவ்வொரு தடவை எடுத்துக் காட்டும்போதும் இதுவும் கூடவே வெளியே வரும். திரும்ப உள்ளே தள்ளுவேன். ஆஸ்பத்திரியில் உன் முறை வரும்போது உன்னுடைய காகிதங்களோடு இதையும் மருத்துவர் மேசையில் வை. யார் எழுதியது என்று கேட்பார். என் தாய்மாமன் என்று சொல். பயப்பட வேண்டுமா என்று கேட்டிருக்கிறான். அதற்கு என்ன பதில் என்று உனக்கும் அவனுக்கும் சேர்த்துக் கேட்டு வாங்கு.

வெளியே வந்ததும் எனக்குப் போன் பண்ணு. சாப்பிட்டாயா என்று கேட்க மாட்டேன்.

உன் அம்மா